பெயர் தெரியாதவர்களுக்கு ஒரு கல்

தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில் ரயில் நிலையத்திற்கு அருகே ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அழகாக வெட்டிவிடப்பட்ட புல்தரை. வரிசை வரிசையாகத் தாழ்வான சிறு கற்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு வெண்கலத் தகடு. தகட்டில் இறந்தவரின் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. சிலவற்றில் தாயோ மனைவியோ ஊரிலிருந்து எழுதியனுப்பிய ஓரிரு வரிகளும் உண்டு. இப்படி அங்கே அடக்கமாகியிருப்பவர்கள் 6,982 பேர். எல்லாரும் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் படைகளைச் சேர்ந்தவர்கள்.

மலேசியாவிலிருந்து சுற்றுலா போகும் தமிழ்க் குடும்பங்கள் குவாய் ஆற்றுப் பாலத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு, அப்படியே இந்தக் கல்லறைக்கும் வருவதுண்டு. பிள்ளைகள் வரிசைகளுக்கு இடையே நடந்து பெயர்களைப் படிப்பார்கள். கூட வயதான ஒருவர் இருந்துவிட்டால் அந்தக் கேள்வி கட்டாயம் எழும். "நம்ம ஆளுங்களை எங்கே புதைச்சாங்க?"

நியாயமான கேள்வி. ஏனென்றால் சயாம் மரண ரயில் பாதையில் அதிகமாக உழைத்தவர்கள் போர்க்கைதிகள் அல்லர். அதிகமாக இறந்தவர்களும் அவர்கள் அல்லர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் எனப் பல இனத்து ஆசியத் தொழிலாளர்கள்தாம் அங்கே அதிகம். அவர்களில் ஒரு பெரும் பகுதியினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். பாதை 1943இல் முடிந்தது. அந்தத் தமிழர்களுக்கென்று, தமிழர்கள் கூடி, காஞ்சனபுரி மண்ணில் ஒரு கல்லை நட்டது 2023இல். இடையில் எண்பது ஆண்டுகள்! ஏன் இவ்வளவு காலம் ஆனது? நினைவுச் சின்னங்கள் யாருக்கு எழும்புகின்றன, யாருக்கு எழும்புவதில்லை என்பதை அறிய அந்த எண்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதற்காக அந்தப் பாதை?

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த சில மாதங்களில் பர்மாவும் அவர்கள் கைக்குப் போனது. பர்மாவில் நிற்கும் பெரும்படைக்கு உணவும் குண்டும் மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் போக வேண்டும். அதே ஆண்டு ஜூன் மாதம் மிட்வே கடற்போரில் ஜப்பானியர் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். நேச நாடுகளின் நீர்மூழ்கிகளும் கடல்வழியை மிரட்டின. எனவே தரைவழி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவாயிற்று.

காடு, மலை, ஓயாத மழை, மலேரியா. ஆங்கிலேயர்கள் முன்பே இந்தத் தடத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதைத்தான் ஜப்பானிய இராணுவம் ஒன்றரை ஆண்டுக்குள் கட்டி முடிக்கப் புறப்பட்டது. இயந்திரங்கள் மிகக் குறைவு. மண்வெட்டி, கடப்பாரை, கூடை, உளி, சம்மட்டி, அவற்றைப் பிடிக்க மனிதக் கைகள். 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை இறக்கினார்கள். அவர்கள் போதவில்லை. 1943ஆம் ஆண்டு பிறந்ததும் வேலையை இன்னும் விரைவாக முடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அப்போதுதான் மலாயாத் தோட்டங்களின் பக்கம் ஜப்பானியரின் பார்வை முழுமையாகத் திரும்பியது.

தோட்டங்களின் நிலைமை அன்று எப்படி இருந்தது? வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள். ஓடாதவர்கள் சிறைமுகாமில் இருந்தார்கள். ரப்பரை வாங்கி வந்த அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதிரி நாடுகளாகிவிட்டதால் பாலுக்கு விலை இல்லை; பல தோட்டங்களில் வேலையே இல்லை. சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி நின்றுபோனதால் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. கையில் இருந்ததோ வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு. அதன் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. துணி கிடைக்காமல் சாக்கை உடுத்திய காலம் அது.

அந்த நேரத்தில், "மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், தங்க இடமும் மருத்துவமும் உண்டு" என்று அறிவித்தால் யார்தான் போகமாட்டார்கள்? முதலில் போனவர்கள் பலர் விருப்பத்தோடுதான் போனார்கள். சிலர் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். மூன்று மாதம் போயிற்று, யாரும் திரும்பவில்லை. ஓடிவந்த ஓரிருவர் சொன்ன செய்தி தோட்டங்களில் பரவியது. அதன் பிறகு விருப்பத்தின் பேரில் போக ஆளில்லை. வலுக்கட்டாயம் தொடங்கியது.

ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆளைத் தர வேண்டும் என்று எண்ணிக்கை விதிக்கப்பட்டது. கிராணியும் கங்காணியும் பட்டியல் போட வேண்டிய நிலை. யாருடைய பெயரை எழுதுவது, யாருடைய பெயரை விடுவது? இந்தப் பட்டியல்களால் எத்தனையோ தோட்டங்களில் குடும்பங்களுக்கிடையே தலைமுறை தாண்டிய மனக்கசப்பு உண்டாயிற்று என்பதைப் பழைய தோட்டத்துக்காரர்கள் அறிவார்கள். பெரட்டுக் களத்தில் நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். பட்டணங்களில் இலவசப் படக்காட்சி என்று கூட்டம் சேர்த்து, கதவை அடைத்து, உள்ளே இருந்த ஆண்களை அள்ளிக்கொண்டு போனதாகவும் முதியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் தரப்படவில்லை. காலையில் மரம் வெட்டப் போனவர் மாலையில் லயத்துக்குத் திரும்பாத கதைகள் ஒன்றா, இரண்டா?

இரு வகைச் சாவு

மூடிய சரக்கு வண்டிகளில் நாள்கணக்கில் பயணம். தாய்லாந்தின் பான் போங்கில் இறக்கிவிடப்பட்டதும் காட்டுக்குள் நடை. நூறு, இருநூறு கிலோமீட்டர்கூட நடந்தவர்கள் உண்டு. போய்ச் சேர்ந்த இடத்தில் கூரை பாதி வேயப்பட்ட மூங்கில் கொட்டகைகள். சில இடங்களில் அதுவும் இல்லை.

போர்க்கைதிகளும் அதே காட்டில்தான் இருந்தார்கள். அதே பட்டினி, அதே அடி. ஆயினும் அவர்களிடம் சில சாதகங்கள் இருந்தன. ஒழுங்கைக் காக்க அதிகாரிகள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும், மலக்குழி இவ்வளவு தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டளையிட ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு அப்படி எவரும் இல்லை. பக்கத்து லயத்துக்காரன் ஒரு முகாமிலும் இவன் வேறொரு முகாமிலுமாகச் சிதறிப்போனான். பேசும் மொழி புரியாத இனத்தாரோடு ஒரே கொட்டகை. 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் காலரா ஆற்றோடு இறங்கி வந்தபோது, ஆசியத் தொழிலாளர் முகாம்கள் காலியாயின. காலையில் நன்றாக இருந்தவன் மறுநாள் இல்லை. பிணங்களைக் குவித்து எரித்தார்கள். குழியில் தள்ளி மூடினார்கள். உயிர் போகுமுன்பே குழியருகே கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றியும் பிழைத்து வந்தவர்கள் சொன்னதுண்டு.

நிலைமை கைமீறிய பிறகே, 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சிங்கப்பூர் சாங்கி முகாமில் இருந்த போர்க்கைதிகளிலிருந்து 'கே படை', 'எல் படை' என்ற இரு மருத்துவக் குழுக்களை ஜப்பானியர் அனுப்பினார்கள். 'கூலி மருத்துவமனை' என்ற பெயரில் இருந்த கொட்டகைகளில் அவர்கள் பார்த்த காட்சிகளைப் பிற்காலத்தில் அவர்களே எழுதிவைத்தார்கள். தமிழர்கள் அங்கே எப்படி இறந்தார்கள் என்பதற்கான எழுத்துச் சான்றுகளில் ஒரு பகுதி இப்படி இன்னொரு கைதியின் கையால் கிடைத்திருக்கிறது.

1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்த்தா என்ற இடத்தில் இணைந்தன. அதற்கான விலை? 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் ஏறத்தாழ 12,500 பேர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 200,000க்கும் அதிகம் என்றும், அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்றும் மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து மட்டும் 78,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். 29,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 24,000க்கும் மேற்பட்டோர் ஓடிப்போனார்கள் என்கிறது போருக்குப் பின் கிடைத்த ஜப்பானியக் கணக்கு. ஓடிப்போனவர்களில் எத்தனை பேர் புலிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் காட்டிலேயே இரையானார்கள் என்ற கணக்கு அதில் இல்லை. உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகம் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

கவனியுங்கள். போர்க்கைதிகளின் கணக்கு ஆயிரம், நூறு என்று நெருங்கி வருகிறது. ஆசியத் தொழிலாளர்களின் கணக்கு பத்தாயிரக் கணக்கில் ஏறி இறங்குகிறது. இந்த வேறுபாட்டில்தான் கல்லறைக் கதையே அடங்கியிருக்கிறது.

பெயர் எழுதியவர்கள்

போர்க்கைதிகள் யார், எப்போது, எந்த முகாமில் இறந்தார்கள் என்பதை அவர்களுடைய தோழர்கள் திருட்டுத்தனமாக எழுதிவைத்தார்கள். மூங்கிலுக்குள் மறைத்தார்கள், மண்ணுக்குள் புதைத்தார்கள். சண்டை ஓய்ந்த சில வாரங்களிலேயே, 1945 செப்டம்பரில், ஒரு தேடுதல் குழு அந்தக் குறிப்புகளோடு ரயில் பாதை நெடுகப் போய் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. பிறகு எலும்புகள் எடுக்கப்பட்டு, காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசயாட் ஆகிய மூன்று இடங்களில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன. அமெரிக்கர்களின் உடல்கள் அவர்கள் நாட்டுக்கே போயின.

முதல் உலகப் போரின்போது உருவான போர்க் கல்லறை ஆணையத்திற்கு ஓர் உயர்ந்த கொள்கை உண்டு. படைத்தலைவனோ சாதாரணச் சிப்பாயோ, இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான கல். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர். இது பாராட்ட வேண்டிய கொள்கைதான். ஆனால், அது சீருடை அணிந்தவர்களுக்கு உரியது. சீருடை இல்லாத பால்மரத் தொழிலாளி அதில் வரமாட்டான். தேடுதல் குழு கடந்துபோன வழியில் ஆசியத் தொழிலாளர்களின் பெருங்குழிகளும் இருந்தன. அவற்றைத் தோண்டும்படி யாரும் உத்தரவிடவில்லை.

இனத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் அது முழு உண்மையாகாது. சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்திற்குப் போனால் இது புரியும். 1957இல் திறக்கப்பட்ட அந்த நினைவிடத்தின் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த இந்தியர்களின் பெயர்கள் ஏராளம். ஆக, துப்பாக்கி தூக்கிய இந்தியனுக்குச் சுவரில் பெயர் உண்டு. மண்கூடை தூக்கிய தமிழனுக்கு இல்லை.

இன்னொரு செய்தி இதைவிட வியப்பானது. காஞ்சனபுரியில் பாலத்திற்கு அருகே ஒரு பழைய நினைவுத் தூண் நிற்கிறது. 1944 பிப்ரவரியில் எழுப்பப்பட்டது. எழுப்பியது யார் தெரியுமா? ரயில் பாதையைப் போட்ட அதே ஜப்பானிய இராணுவம்! வேலையில் இறந்தவர்களின் ஆன்மா சாந்திக்காக என்று சொல்லி, பல மொழிகளில் கல்வெட்டுகள் பதித்தார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. மரண ரயில் பாதையில் மாண்ட தமிழர்களுக்காகத் தமிழில் எழுதப்பட்ட முதல் கல்லை வைத்தவர்கள், அவர்களைக் கொண்டுபோய்ச் சாகவிட்டவர்களே. அதை இரக்கம் என்பதா, சடங்கு என்பதா, குற்ற உணர்வு என்பதா? எப்படி எடுத்துக்கொண்டாலும், வேறு எவரும் பல்லாண்டு காலம் அதற்கு ஈடாக ஒன்றை வைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

1957இல் வெளியான 'குவாய் ஆற்றுப் பாலம்' ஆங்கிலப் படம் உலகத்தையே காஞ்சனபுரிக்கு வரவழைத்தது. படம் பிடித்தது தாய்லாந்தில் அன்று, இலங்கையின் கித்துள்கலவில். பாதை போட்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. 1998இல் ஆஸ்திரேலிய அரசு 'நரக நெருப்புக் கணவாய்' என்று கைதிகள் பெயரிட்ட மலைவெட்டில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தது. தன் மக்களை மறக்காத நாடு என்று அதைச் சொல்ல வேண்டும்.

அண்டை வீட்டில் எழுந்த தூண்கள்

எலும்புகள் எப்படி நினைவுச் சின்னமாகின்றன என்பதற்குச் சிங்கப்பூரில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1962இல் சிக்லாப் வட்டாரத்தில் மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 1942இல் சிங்கப்பூர் விழுந்த கையோடு ஜப்பானியர் வடிகட்டிப் பிடித்துச் சுட்டுக் கொன்ற சீனர்களின் எலும்புகள். சீன வர்த்தகச் சங்கம் உடனே களத்தில் இறங்கியது. எலும்புகளை முறைப்படி எடுக்கும் பொறுப்பை ஏற்றது. ஜப்பான் ஈடு தர வேண்டும் என்று குரல் எழுப்பியது. 1963 ஆகஸ்ட் 25ஆம் நாள் நகர மண்டபத்தின் முன் திடலில் நடந்த கண்டனக் கூட்டத்திற்கு 120,000 பேர் திரண்டார்கள். 1966இல் ஜப்பான் 5 கோடி வெள்ளி தர ஒப்புக்கொண்டது. பாதி மானியம், பாதி கடன்.

சீனர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய அந்த நினைவுச் சின்னம் எல்லா இனத்துப் பொதுமக்களுக்கும் உரியதாக வேண்டும் என்று அன்றைய அரசு கருதியது. பீச் ரோட்டில் அரசு நிலம் ஒதுக்கியது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிற இனத்தார் என நான்கு பிரிவினரைக் குறிக்கும் நான்கு வெண்தூண்கள், 60 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. அடியில் 606 தாழிகளில் எலும்புகள். நான்கு மொழிக் கல்வெட்டுகளில் ஒன்று தமிழ். சிங்கப்பூர் வீழ்ந்த 25ஆம் ஆண்டு நிறைவான 1967 பிப்ரவரி 15ஆம் நாள் பிரதமர் லீ குவான் இயூ அதைத் திறந்துவைத்தார்.

இந்த வரலாற்றில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எலும்புகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. கேட்பதற்குப் பணபலமும் செல்வாக்கும் உள்ள ஒரு சங்கம் இருந்தது. கூட்டத்திற்குத் திரண்ட ஒவ்வொருவருக்கும் ஓட்டு இருந்தது. கேட்டதைச் செவிமடுத்து, அதைப் பொதுவாக்கும் துணிவு ஓர் அரசுக்கு இருந்தது. இவற்றில் ஒன்றுகூடத் தோட்டத்துத் தமிழனிடம் இல்லை. எலும்புகளோ இன்னொரு நாட்டின் காட்டுக்குள். 1945க்குப் பிறகு அவன் அரிசிக்கும் சம்பளத்துக்கும் போராடிக்கொண்டிருந்தான். 1948இல் அவசரகாலம் வந்தது. அப்புறம் குடியுரிமை, தோட்டத் துண்டாடல் என்று பிழைப்புக்கே நேரம் போதவில்லை. 1967இல் மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டில் ஜப்பான் இரண்டரைக் கோடி வெள்ளி தர இசைந்தது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. சயாமில் கணவனை இழந்தவளுக்குக் கப்பலில் என்ன பங்கு?

எழுந்த கல்லை இடித்த வரலாறும் சிங்கப்பூரில் உண்டு. எஸ்பிளனேட் கடற்கரையில் இந்திய தேசிய இராணுவத்தின் மாண்ட வீரர்களுக்காக 1945 ஜூலை 8ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஒரு நினைவுச் சின்னத்திற்கு அடிக்கல் நாட்டினார். இரண்டே மாதத்தில் பிரிட்டிஷார் திரும்பி வந்து, மவுண்ட்பேட்டனின் உத்தரவுப்படி அதைத் தகர்த்தார்கள். 1995இல்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது. சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற அச்சத்தால் அந்த இராணுவத்தில் சேர்ந்த தோட்டத்து இளைஞர்களும் இருந்தார்கள். ஒரே லயத்தில் வளர்ந்த அண்ணன் சயாமுக்கும் தம்பி நேதாஜியின் படைக்கும் போனது அன்று நடக்கக்கூடியதாகவே இருந்தது.

திதி தெரியாத சாவு

கல் இல்லாத இடத்தில் நினைவு எப்படி வாழ்ந்தது? வீட்டுக்குள் வாழ்ந்தது. சயாமுக்குப் போனவரின் மனைவி பூவையும் பொட்டையும் என்ன செய்வாள்? செத்துவிட்டார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இருக்கிறார் என்று நம்ப வழியும் இல்லை. பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழித்து வாசலில் வந்து நிற்பார் என்று காத்திருந்தவர்கள் உண்டு. இறந்த நாள் தெரியாததால் ஆண்டுத் திதி கொடுக்க முடியாது. அமாவாசை நாளில் பொதுவாகப் படையல் போட்டுவிட்டு, பெயரைச் சொல்லிக் கற்பூரம் காட்டுவதோடு சரி. போரில் பிள்ளையை இழந்த வெள்ளைக்காரத் தாய்க்கு நாளும் இடமும் குறித்த கடிதம் வந்தது. லயத்துத் தாய்க்குத் தபால்காரர் எதையும் கொண்டுவரவில்லை.

பிழைத்துத் திரும்பியவர்கள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. திறந்தபோது கேட்டு எழுதிவைத்தவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமி 2005இல் எழுதி வெளியிட்ட நாவலின் தலைப்பு 'நினைவுச் சின்னம்'. அந்தத் தலைப்பைப் போகிற போக்கில் படித்துவிட்டுப் போக முடியாது. கல்லால் ஆன சின்னம் இல்லாத நாளில், ஒரு தோட்டத்துத் தமிழர் தம் புத்தகத்திற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்.

இதற்கிடையே 1990இல் காஞ்சனபுரி வட்டாரத்தில் ஒரு விளைநிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களின் பெருங்குழி அது. அருகே எந்தப் பெயர்ப்பலகையும் இல்லை. மூங்கிலில் மறைத்த குறிப்பும் இல்லை. மண்டையோடுகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தபோது, அதுவரை வாய்மொழியாகவே இருந்த கதை கண்ணெதிரே கிடந்தது. மலேசியாவில் மரண ரயில் வரலாற்றில் அக்கறை கொண்டவர்கள் பின்னர் குழுவாகச் சேர்ந்தார்கள். உயிரோடிருந்த ஒருசிலரைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்தார்கள். குடும்பத்தாரைக் காஞ்சனபுரிக்கு அழைத்துப் போனார்கள்.

அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாகத்தான் 2023இல் காஞ்சனபுரியின் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயில் வளாகத்தில் கல் நடப்பட்டது. அந்த வளாகம் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. பெயர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகள் அங்கே முன்பே அடக்கம் செய்யப்பட்டிருந்தன. பிக்குகள் அதைப் பேணிவந்தார்கள். தாய்லாந்துத் தமிழர்களும் மலேசியத் தமிழர்களும் சேர்ந்து உழைத்தார்கள். தமிழ்நாட்டு அரசும் நிதி கொடுத்தது. அந்தக் கல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் நடுகல்.

நடுகல் என்பது தமிழர்களுக்குப் புதிதா என்ன? போரில் மாண்டவனுக்குக் கல்லைத் தேடி, நீராட்டி, நட்டு, பெயரும் பெருமையும் பொறித்து வழிபடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் சில நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அவற்றில் ஒன்றில் தமிழி எழுத்தில் ஓர் ஊரின் பெயர் இருக்கிறது: கூடலூர். மாடு கவரும் பூசலில் மாண்டவனின் பெயரும் இருக்கிறது: அந்தவன். மாட்டுப் பூசலில் செத்த ஒருவனின் ஊரும் பேரும் இத்தனை காலம் கழித்தும் தெரிகின்றன. 1943இல் செத்தவர்களுடைய ஊரும் பேரும் அடங்கிய முழுப் பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை.

பான் போங் பக்கமிருந்து வரும் ரயில் இன்றும் காஞ்சனபுரியைத் தாண்டி நாம் தோக் வரை போகிறது. அதற்கு அப்பால் பர்மா எல்லை வரையிலான தண்டவாளங்கள் போருக்குப் பின் பெயர்க்கப்பட்டுவிட்டன. பாலத்தில் படம் பிடித்துவிட்டு வரும் குடும்பங்கள் போர்க் கல்லறையிலிருந்து அந்தக் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். "நம்ம ஆளுங்களை எங்கே புதைச்சாங்க?" என்று பெரியவர் கேட்டால் கை காட்ட இப்போது ஓர் இடம் இருக்கிறது.

ஆனால், அந்தப் பெரியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். தகப்பன் சயாமுக்குப் போனபோது கைக்குழந்தையாக இருந்தவருக்கே எண்பது வயதைத் தாண்டிவிட்டது. அவரிடம் கேட்டால் அப்பாவின் பெயரைச் சொல்வார். எந்தத் தோட்டம், எந்த லயம், பட்டியலில் பெயரை எழுதிய கங்காணி யார் என்பதைக்கூடச் சொல்வார். இறந்த நாளைத்தான் சொல்ல முடியாது.